பொத்தானுக்கும் குரலுக்கும் நடுவில்

ஏழாம் சீட்டு அக்காவுக்கு வேண்டிக்கொள்ளாமல் ஒரு காரியமும் ஓடாது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு ஒரு வார்த்தை, வீட்டைப் பூட்டினால் பூட்டுக்கு ஒரு வார்த்தை, பேருந்தில் ஏறினால் முகம் தெரியாத ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை. பாட்டு, மணி, மாலை என்று எதுவும் கிடையாது. உதடுகூட அசையாது. ‘பார்த்துக்கோ’ என்று உள்ளுக்குள் ஒரு சொல், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அவள் கணவர், உன் கடவுளுக்கு வேறு வேலையே இல்லையா, குழாயையெல்லாமா பார்க்க வேண்டும் என்று கேலி செய்வார். அவர் ஏணியில் ஏறும்போதும் அவள் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேலியை விட்டதில்லை.

அவளுக்கு வேலை அவசர உதவி மையத்தில். ஒரே கூடத்தில் பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு திரை, காதில் மாட்டப் பன்னிரண்டு ஹெட்செட். ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யார் மாடிப்படியில் உருண்டாலும், ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்பு இந்தப் பன்னிரண்டில் ஒன்றில்தான் வந்து விழும். ஒன்பது வருடமாக ஏழாவது மேசை அவளுடையது, அதனால்தான் ஏழாம் சீட்டு என்ற பெயர். பக்கத்து மேசைக்காரர்கள் கத்துவார்கள், எழுந்து நிற்பார்கள், சில நாள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவார்கள். அவள் குரல் மட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை முதல் வாரம் அவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள்.

அந்தக் குரல் சும்மா வந்துவிடவில்லை. சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு மாலை, வீட்டுக்குப் போகும் வழியில், அன்று கடைசியாகப் பேசியது ஆணா பெண்ணா என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை. முகவரி கேட்டாள், வண்டி அனுப்பினாள், எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் அழுதுகொண்டிருந்த ஒரு மனுஷப் பிறவியிடம் டிக்கெட் கிழிப்பதுபோலப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அது அவளைப் பயமுறுத்திவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டாள். ‘இவங்களைப் பார்த்துக்கோ. இவங்க சொல்றதை நான் முழுசாக் கேக்கணும்.’ மெதுவாக ஒரு மூச்சு இழுக்கும் நேரம். மூன்று நொடி.

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். மணி அடித்தால் மூன்று நொடிக்குள் எடுக்க வேண்டும் என்பது மையத்தின் சட்டம். கூடத்துச் சுவரில் பெரிய பலகை ஒன்று அதைக் கணக்குப் போட்டபடியே இருக்கும். மணி அடிக்கும்போது வேண்டிக்கொண்டால், வேண்டி முடித்துக் கை பொத்தானுக்குப் போவதற்குள் பலகையில் ஏழாம் எண் மஞ்சளாகிவிடும். இரண்டு முறை அப்படி ஆகி, கேள்வியும் வந்தது. அதன்பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மணி அடித்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவது, அமுக்கிவிட்டு வேண்டிக்கொள்வது, வேண்டி முடித்துவிட்டு ஹலோ சொல்வது. பலகைக்கும் திருப்தி, கடவுளுக்கும் திருப்தி. நடுவில் ஒரு ஆள் காதில் போனை வைத்துக்கொண்டு மூன்று நொடி காத்திருக்கிறாரே என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை, புறவழிச் சாலையில் ஒரு தொழிற்சாலைப் பேருந்து கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போன் அடித்தார்கள். பன்னிரண்டு மேசையும் திணறியது. அந்த நெரிசலில் ஏழாம் சீட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. பொத்தானை அமுக்கினாள். ‘இவங்களைப் பார்த்துக்கோ’ என்று ஆரம்பித்தபோது, வீட்டில் ஒழுகும் குழாய்க்கு வாளி வைக்காமல் வந்துவிட்டது நினைவில் குறுக்கிட்டது. மனம் பாதியில் ஓடிப்போன வேண்டுதல் செல்லாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்த சட்டம். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். காதில் ஒரு பெண் குரல் ‘ஹலோ’ என்றது. கேட்டது. அடுப்பில் வேலையாக இருக்கும்போது வாசலில் கூப்பிடும் ஆளுக்கு ‘இதோ வரேன்’ என்று மனதுக்குள் சொல்வோமே, அப்படிச் சொல்லிவிட்டு வேண்டுதலை முடிக்கப் போனாள். முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரை ஆறு நொடி என்று காட்டியது. பேருந்தைப் பற்றிச் சொல்ல வந்தவர்களில் ஒருவராக இருக்கும் என்று நினைத்து அடுத்த அழைப்பை எடுத்தாள்.

பேருந்து இல்லை. ஒரு தையற்காரப் பெண். அவள் கணவர் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். அவள் மறுபடி அடித்தபோது பன்னிரண்டு மேசையும் நிறைந்திருந்தது. ஒரு நிமிடம் பத்து நொடி வரிசையில் காத்திருந்து மூன்றாம் மேசைக்குப் போனாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது ஆள் உயிரோடு இல்லை.

இதெல்லாம் ஏழாம் சீட்டுக்குத் தெரியவந்தது நான்கு நாள் கழித்து, தையற்காரியின் அண்ணன் புகார் எழுதிக் கொடுத்த பிறகு. புகாரை விசாரித்தவள் கூடத்தின் மேற்பார்வையாளர். வயதில் ஏழாம் சீட்டைவிடப் பத்து வருடம் சின்னவள். நொடிக் கணக்கில் அவளுக்கு இருக்கும் வெறியைப் பார்த்து எல்லோரும் நொடிமுள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும்கூட.

நொடிமுள் அவளைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். திரையில் அவளுடைய பழைய அழைப்புகளை வரிசையாகப் போட்டுக் காட்டினாள். அவள் குரல் வரும் இடமெல்லாம் கோடு மேலும் கீழும் குதித்தது. ஒவ்வொரு அழைப்பின் தலைப்பிலும் மட்டும் ஒரே நீளத்துக்கு ஒரு தட்டைக் கோடு. மூன்று, மூன்று, மூன்று. கடைசியாக அந்த ஆறு.

“என்னக்கா இது?”

ஏழாம் சீட்டு திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். மூச்சு இழுத்துக்கொள்கிறேன் மேடம், அவசரப்பட்டுப் பேசக் கூடாதில்லையா என்று சொன்னாள். பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. நொடிமுள் அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரையை அணைத்தாள். இதை யாரும் தோண்டப்போவதில்லை என்றாள். இயந்திரத்தின் பதிவில் ‘அழைத்தவர் துண்டித்தார்’ என்றுதான் இருக்கிறது. தையற்காரியே வாக்குமூலத்தில், பதற்றத்தில் நான்தான் வைத்துவிட்டேன், என் அவசரம்தான் அவரைக் கொன்றது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் இயக்குநர் அறையில் கூட்டம், அறிக்கையில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

“நீங்க வந்து உக்காந்தா போதும்க்கா. வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஏழாம் சீட்டு தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வந்தவளுக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது இயக்குநரும் இல்லை, அறிக்கையும் இல்லை. நான்தான் வைத்துவிட்டேன் என்று ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டுதல் வரவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. பூட்டினாள், பேருந்தில் ஏறினாள், ஒன்றும் வரவில்லை. வேலையில் பொத்தானை அமுக்கிய கையோடு ஹலோ சொன்னாள். குரல் வறண்டு நடுங்கியது. ஒருவரிடம் ஒரே முகவரியை மூன்று முறை கேட்டாள். பக்கத்து மேசைக்காரி, உடம்பு சரியில்லையா அக்கா என்று வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே கேட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்றார் முதலில். அந்த மனுஷனுக்கு முடிய வேண்டிய நேரம் முடிந்துவிட்டது, ஒரு நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும், டாக்டரே சொல்ல முடியாது என்றுதானே எழுதியிருக்கிறார் என்றார். அவர் துணியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு மட்டும் புரியல. மணி அடிக்கும்போதே வேண்டிக்க வேண்டியதுதானே? எதுக்குப் பொத்தானை அமுக்கிட்டு வேண்டின?”

“மணி அடிக்கும்போது வேண்டினா பலகையில விழும். அமுக்கிட்டா விழாது.”

“அப்போ உனக்கே தெரிஞ்சிருக்கு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். மறுபடி துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கடவுளிடம் பேசுவதற்கு ஒன்பது வருடமாக அடுத்தவர் நேரத்தைத் திருடியிருக்கிறாள், அதுவும் பலகையின் கண்ணில் படாமல். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பக்தி.

மறுநாள் காலை இயக்குநர் அறையில் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், தலை நரைத்த, அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிற மனிதர். பக்கவாட்டில் நொடிமுள், மடியில் கணினி. எதிரே தையற்காரியும் அவள் அண்ணனும். ஏழாம் சீட்டுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. தையற்காரிக்கு நாற்பது வயதிருக்கும். வலது ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. அந்த விரலால் இடது உள்ளங்கையை அமுக்கினாள், எடுத்தாள், அமுக்கினாள். போனை வைத்த விரல் அதுதான் என்று ஏழாம் சீட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நொடிமுள் அறிக்கையை வாசித்தாள். நல்ல வாசிப்பு, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பேருந்து விபத்தால் அசாதாரண நெரிசல், முதல் அழைப்பு இணைக்கப்பட்டது, ஆறாவது நொடியில் அழைத்தவர் துண்டித்தார், இரண்டாம் அழைப்பு வரிசையில் காத்திருந்தது. எந்த வரியிலும் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நேர்த்தியாக எழுதத் தெரிந்தால் முடியும் போலிருக்கிறது.

அண்ணன் கொதித்தார். யாராவது பேசியிருந்தால் என் தங்கச்சி ஏன் வைக்கிறாள் என்று கேட்டார். தையற்காரியே அவர் கையைப் பிடித்து அடக்கினாள்.

“விடுண்ணா. நான்தான் வெச்சேன். எனக்கு எப்பவுமே அவசரம். அவர் இருக்கும்போதே சொல்வார், கொதிக்கிறதுக்கு முன்னாடி எறக்கிடுவேன்னு.”

இயக்குநர் தாளைத் தள்ளினார், பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். தையற்காரி வாங்கினாள். மேசைக்கடியில் நொடிமுள்ளின் கால் ஏழாம் சீட்டின் காலை லேசாகத் தொட்டது. அவ்வளவுதான், முடியப்போகிறது என்பதுபோல.

அந்த நேரத்தில் ஏழாம் சீட்டு ஒரு வார்த்தைக்காக உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். ‘பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். யாராவது பார்த்துக்கொள்வார்கள். வார்த்தை வரவில்லை. பேனா தாளைத் தொட்டுவிட்டது.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா,” என்றாள்.

நொடிமுள் ‘அக்கா’ என்றாள், அடிக்குரலில். ஏழாம் சீட்டு அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“நீங்க அவசரப்படல. போனை எடுத்தது நான்தான். ஆறு நொடி லைன்ல இருந்தேன். நீங்க ஹலோ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் பேசல.”

அண்ணன் எழுந்துவிட்டார். தையற்காரி எழவில்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவும் இல்லை, பேனா நின்ற இடத்தில் மை ஊறிக்கொண்டிருந்தது.

“இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

தூங்கினேன் என்று சொல்லலாம், ஹெட்செட் கோளாறு என்று சொல்லலாம், எதைச் சொன்னாலும் உண்மையைவிடக் கேவலமாக இருக்காது.

“உங்களுக்காக வேண்டிக்கிட்டிருந்தேன்.”

அண்ணனிடமிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று அவர் கேட்க, ஒன்பது வருடமாக, ஒவ்வொரு அழைப்புக்கும் என்று அவள் சொன்னாள். இனி நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருவது என் கையில் இல்லை, மேலே எழுதியாக வேண்டும் என்றார் அவர். அவள் சரி என்றாள். தையற்காரிக்கு இதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஏழாம் சீட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, கணக்கு புரியாத குழப்பம்தான் இருந்தது.

“எனக்குக் கேக்கலையே,” என்றாள்.

ஏழாம் சீட்டு இத்தனை வருடம் மேலே இருக்கிறவருக்குக் கேட்டதா என்று யோசித்திருக்கிறாள். போனில் இருக்கிறவருக்குக் கேட்டதா என்று யோசித்ததே இல்லை.

தையற்காரி பேனாவை வைத்தாள். அந்த ஆறு நொடியைத் தனக்குப் போட்டுக் காட்ட முடியுமா என்று நொடிமுள்ளிடம் கேட்டாள். அண்ணன் வேண்டாம் என்றார். இயக்குநரும் யோசித்தார். எனக்கு வேணும் என்றாள் அவள். நொடிமுள் கணினியைத் திறந்தாள். நொடிக் கணக்கில் கில்லாடியான அந்தப் பெண்ணின் விரல் அன்று இரண்டு முறை தவறான கோப்பைத் தட்டியது.

முதலில் வெறும் மூச்சு. ஓடி வந்த மூச்சு. பிறகு ‘ஹலோ’. இது ஏழாம் சீட்டுக்குத் தெரிந்த ஹலோ, ஒரு வாரமாகக் காதில் இருப்பது. அதற்குப் பிறகு ஒன்று இருந்தது. வேண்டுதலின் இரண்டாம் பாதியில், ‘முழுசாக் கேக்கணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததில், அவள் கேட்காமலே விட்டது.

‘யாராவது இருக்கீங்களா?’

பிறகு போனை வைக்கும் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான் பதிவு.

தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் அவசரப்படலண்ணா. கேட்டியா? கேட்டுட்டுத்தான் வெச்சிருக்கேன்,” என்றாள். பிறகு அழுதாள். செத்த வீட்டிலும் அவள் அழவில்லை என்று பின்னால் அண்ணன் நொடிமுள்ளிடம் சொன்னார். குற்றவாளி எப்படி அழுவது என்று இருந்துவிட்டாளாம்.

ஏழாம் சீட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். வெளியே போகத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மேசையைச் சுற்றி வந்து தையற்காரிக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், அண்ணன் விட்டுப்போன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறு நொடி, மூச்சுகூட இழுக்காமல் சொன்னாள்.

“இருக்கேம்மா. சொல்லுங்க.”

என்ன கேலி இது என்று அண்ணன் பாய்ந்து வந்தார். தையற்காரி கையை நீட்டி அவரை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏழாம் சீட்டு காத்திருந்தாள். உள்ளே எந்த வார்த்தையும் ஓடவில்லை, யாரிடமும் அவள் எதையும் கேட்கவில்லை. எதிரே இருந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையில நல்லாத்தான் எழுந்தார்,” என்று தையற்காரி ஆரம்பித்தாள். “பிளேடு மழுங்கிப்போச்சுன்னு சொன்னார். அப்பறம் வாங்கிக்கலாம்னு சொன்னேன். நான் மெஷின்ல உக்காந்திருந்தேன், ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கிட்டு…”

நொடிமுள் கணினியை மூடினாள். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். தையற்காரி சொல்லிக்கொண்டே போனாள். முகவரி, வயது, எப்போது விழுந்தார், மூச்சு இருந்ததா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வி எதையும் ஏழாம் சீட்டு கேட்கவில்லை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.